பேராசிரியர் வீட்டில் இருக்கும் புத்தகத்தை யார் போய்க் கேட்பது?

தென் மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"கண்மாய்ப் பாசனம் பற்றி ஆய்வு செய்கிறேன், இது நான்காவது வருஷம். எனக்கு அவசியமான இரண்டு புத்தகங்கள் இரண்டரை வருஷமாக ‘இஷ்யூ ஆகியிருக்கிறது’ என்றே கணினியில் காட்டுகிறது. இரண்டும் இப்போது அச்சில் இல்லை. கவுன்டரில் கேட்டபோது எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் பெயரைச் சொல்லி, ‘சார்கிட்ட நாங்க எப்படிக் கேட்கிறது, நீங்களே கேட்டு வாங்கிக்கோங்க’ என்றார்கள். அவர் என் ஆய்வை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டியில் இருக்கிறார். கைடிடம் சொன்னால், ‘இப்ப அதைக் கிளப்பாதம்மா’ என்கிறார். நான் ஒரு புத்தகத்தை மூன்று நாள் தாமதமாகக் கொடுத்ததற்கு ஃபைன் கட்டியிருக்கிறேன். ஆசிரியர்களுக்கு மட்டும் இவ்வளவு நாள் கொடுப்பது சரியா? நான் என்ன செய்வது?"

அன்புள்ள ஆய்வாளருக்கு,

முதலில் ஒன்று. அந்தப் பேராசிரியரிடம் நீங்கள் போய்க் கேட்க வேண்டாம். பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை, அது உங்கள் வேலையே இல்லை என்பதால் சொல்கிறேன். புத்தகத்தை அவருக்குக் கொடுத்தது நூலகம், திருப்பிக் கேட்க வேண்டியதும் நூலகம்தான். பல்கலைக்கழக நூலகத்தில் 31 வருஷம் வேலை பார்த்து, அதில் கடைசி 9 வருஷம் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ‘நீங்களே கேட்டு வாங்கிக்கோங்க’ என்று ஒரு மாணவியிடம் கவுன்டரில் சொல்வது எங்கள் தொழிலில் செய்யக்கூடாத காரியம். அதற்கும் முன்னால் இன்னொரு தவறு நடந்திருக்கிறது. புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று பெயரையே உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஒருவர் எதைப் படிக்கிறார் என்பது அவருக்கும் நூலகத்துக்கும் இடையிலான விஷயம். நாளைக்கு உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தைத் தேடி ஒரு துறைத்தலைவரே வந்தாலும் உங்கள் பெயர் வெளியே போகக்கூடாது. அந்தப் பெயர் காதில் விழாமல் இருந்திருந்தால் உங்களுக்கு இந்தப் பயமும் வந்திருக்காது. ‘வெளியே போயிருக்கிறது, வரவழைத்துத் தருகிறோம், பத்து நாள் கழித்து வாங்க’ என்பதோடு முடிந்திருக்க வேண்டிய காரியம் இது.

சரி, ஆசிரியர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு நாள் என்று கேட்கிறீர்கள். இதில் நான் உங்கள் பக்கம் முழுசாக வந்துவிட முடியாது. ஒரு பாடத்தை ஒரு செமஸ்டர் முழுக்க நடத்துகிறவருக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து முத்திரை வாங்கிப் போ என்பது வீண் அலைச்சல். ஒரு நல்ல கட்டுரை எழுத ஒன்றரை வருஷம் ஆகும், எழுதி அனுப்பி அது திருத்தத்துக்குத் திரும்பி வரும்போது அதே புத்தகத்தின் அதே பக்கத்தை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். அதோடு, அந்தப் புத்தகத்தை நூலகம் வாங்கியதே பல சமயம் ஏதோ ஒரு பேராசிரியர் பரிந்துரைப் படிவத்தில் எழுதிக் கொடுத்ததால்தான். துறைகளிலிருந்து அந்தப் பட்டியல் வராவிட்டால் உங்கள் துறை அலமாரியில் பாதிப் புத்தகம் இருக்காது. அதனால் நீண்ட தவணை என்பதை நான் குற்றமாகப் பார்த்ததில்லை. நானே ஒரு முறை நூலகக் குழுவில் ஆசிரியர் தவணையை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷமாக்கச் சொல்லிப் பேசியிருக்கிறேன்.

ஆனால் அப்படிப் பேசியபோது கூடவே இன்னொன்றையும் கேட்டேன், அது கிடைக்கவில்லை. திரும்ப அழைக்கும் உரிமை. வெளிநாட்டில், குறிப்பாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், ஆசிரியர்களுக்கு ஒரு செமஸ்டர், ஒரு வருஷம் என்று தாராளமாகத்தான் கொடுக்கிறார்கள். வேறொருவர் அந்தப் புத்தகத்தைக் கேட்டுப் பதிவு செய்துவிட்டால் மட்டும் ஒன்றிரண்டு வாரத்தில் திருப்பிக் கொடு என்று அறிவிப்பு போய்விடும். அதற்கு ரீகால் என்று பெயர். அந்த ஏற்பாடு இருக்கும்வரை ஒரு வருஷத் தவணையால் யாருக்கும் நஷ்டமில்லை, யாரும் தேடாத புத்தகம் பேராசிரியர் மேஜையில் இருந்தால் என்ன, நூலக அலமாரியில் இருந்தால் என்ன. நம் ஊரில் பல இடங்களில் தவணையை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு ரீகாலை விட்டுவிட்டோம். விதிப் புத்தகத்தில் ஒரு வரியாக அது இருந்தாலும் கவுன்டரில் இருக்கிறவர் பேராசிரியருக்குப் போன் போடத் தயங்குவார். உங்கள் இரண்டரை வருஷம் போனது அந்தத் தயக்கத்தில்தான்.

ஆளைப் பார்த்துக் கொடுக்காத நூலகங்களும் உலகத்தில் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் புத்தகம் வெளியே போகாது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். 1645இல் அரசர் முதலாம் சார்லஸ் ஒரு புத்தகம் கேட்டு அனுப்பியபோது நூலகர் விதியைக் காட்டி மறுத்துவிட்டார், அரசரும் ஏற்றுக்கொண்டார். அப்படியே நம் நூலகங்களையும் பூட்டி வைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், புத்தகம் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். ராஜாவிடம் விதியைச் சொல்ல முடிந்தது என்பதை மட்டும் புதிதாக வேலைக்கு வருகிற என் உதவியாளர்களிடம் சொல்லுவேன்.

இது ஏன் என் மனசை இவ்வளவு அறுக்கிறது என்றும் சொல்ல வேண்டும். 2006இல் ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றார். ஓய்வூதியக் கோப்பு நகர, பாக்கி எதுவும் இல்லை என்று நூலகம் தரும் நோ டியூஸ் சான்று வேண்டும், அவர் கணக்கிலோ 43 புத்தகங்கள். ‘வீட்டுக்கு வந்து எடுத்துக்கோங்கம்மா, என்னால தூக்கிட்டு வர முடியாது’ என்றார். அட்டெண்டரும் நானும் ஆட்டோ வைத்துக்கொண்டு போனோம். மாடிப்படிக்குக் கீழே இரண்டு அட்டைப் பெட்டி, ஒரு பழைய டிரங்குப் பெட்டி. நல்ல மனிதர், காபி கொடுத்து உட்காரவைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தார். அதில் ஒன்று 1920களில் அச்சான நிலவரி அறிக்கை. பின்பக்கம் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் கடைசி முத்திரை 1989. பிரித்துப் பார்த்தால் இராமபாணப் பூச்சி முன் அட்டையில் நுழைந்து அறுபது பக்கத்துக்கு ஒரே நேராகத் துளை போட்டிருந்தது, அட்டவணைகளில் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

திரும்பி வந்து பழைய ரிசர்வேஷன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த அறிக்கையைக் கேட்டு மூன்று பேர் எழுதி வைத்திருந்தார்கள், 1993இல் ஒருவர், 1997இல் ஒருவர், 2002இல் ஒருவர். மூன்று பெயருக்கும் எதிரே ‘வந்தது’ என்ற கட்டம் காலி. அதில் ஒருவருடைய ஆய்வேடு எங்கள் நூலகத்திலேயே இருந்தது, எடுத்து அதன் துணைநூற்பட்டியலைப் புரட்டினேன். அந்த அறிக்கை அதில் இல்லை. எந்த ஊரைப் பற்றி அவர் ஐந்து வருஷம் உழைத்தாரோ அந்த ஊரின் கணக்கு முழுக்க, பல்கலைக்கழகத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்திருக்கிறது. அந்தப் பேராசிரியர் யாரையும் தடுக்க நினைத்தவர் இல்லை. யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டிருந்தால் மறுநாளே கொடுத்து அனுப்பியிருப்பார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அதன் பிறகுதான் நான் போன் செய்யத் தொடங்கினேன். ‘சார், இந்தப் புத்தகத்துக்கு ஒரு வாசகர் பதிவு செய்திருக்கார், பத்து நாளுக்குள்ள அனுப்பி வைக்க முடியுமா? அவர் பார்த்து முடிச்சதும் உங்களுக்கே திரும்ப இஷ்யூ பண்ணித் தர்றேன்.’ இவ்வளவுதான் பேச்சு. வாசகர் யார் என்று சொல்லமாட்டேன், கேட்டாலும் சொல்லமாட்டேன். பத்துக்கு ஏழெட்டு பேர், ‘அடடா, அது என்கிட்டயா இருக்கு?’ என்பார்கள், மறந்தே போயிருக்கும். ஓரிருவர் முணுமுணுப்பார்கள். கோபப்பட்டவர்களும் உண்டு, அந்தக் கோபம் என்னோடு முடிந்துவிடும், மாணவர்களிடம் போகாது. நூலகர் என்று ஒருவர் நடுவில் இருப்பதே அதற்குத்தானே.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

கவுன்டரில் வாயால் கேட்டது போதாது, எழுதிக் கொடுங்கள். பல்கலைக்கழக நூலகர் என்று முகவரியிட்டு அரைப் பக்கக் கடிதம். ‘கீழ்க்கண்ட இரண்டு நூல்கள் என் ஆய்வுக்குத் தேவைப்படுகின்றன. இவற்றை என் பெயரில் ரிசர்வ் செய்து, திரும்பப் பெற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’, இதற்கு மேல் எதுவும் வேண்டாம். நூல் பெயர், ஆசிரியர், கால் நம்பர் (அலமாரியில் புத்தகத்தின் இடத்தைக் காட்டும் எண்), அக்சஷன் நம்பர் (ஒவ்வொரு பிரதிக்கும் உள்ள தனி எண்) நான்கையும் கணினிப் பட்டியலில் பார்த்து எழுதுங்கள், அக்சஷன் நம்பர் இருந்தால்தான் எந்தப் பிரதி என்று குழப்பம் வராது. பேராசிரியர் பெயர் அதில் வரக்கூடாது. இரண்டரை வருஷம் என்ற குறையும் வேண்டாம், ஃபைன் கட்டிய கதையும் வேண்டாம். புகார் மாதிரி இருந்தால் அது ஒரு கோப்பாகி மேஜை மேஜையாகச் சுற்றும், வாசகர் கோரிக்கையாக இருந்தால் புத்தகம் கொடுத்து வாங்கும் சர்குலேஷன் பிரிவிலேயே முடிந்துவிடும். இரண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குக் கைடு கையெழுத்து தேவையில்லை, புத்தகம் கேட்பது எந்த உறுப்பினருக்கும் உள்ள உரிமை, அவரைச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம்.

உங்கள் நூலகம் கோஹா என்ற நூலக மென்பொருளோ, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் தயாரித்த சோல் மென்பொருளோ வைத்திருக்கும் என்று நினைக்கிறேன், இரண்டிலுமே ரிசர்வ் செய்யும் வசதி உண்டு. கோஹாவில் ஹோல்ட் என்று இருக்கும். அது உங்கள் பெயரில் விழுந்துவிட்டால் சாதாரணமாக அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவரால் ரினியூ செய்ய முடியாது, திரும்பி வந்து ஸ்கேன் ஆனதுமே திரையில் ‘இன்னாருக்காகக் காத்திருக்கிறது’ என்று வந்து நிற்கும். கடிதம் கொடுத்த கையோடு, ‘சிஸ்டத்தில் ஹோல்ட் போட்டாச்சா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் நூலகரையோ துணை நூலகரையோ நேரில் பாருங்கள், அறைக்குள் போய் உட்கார்ந்து பேசலாம், தப்பில்லை. அங்கேயும் நகரவில்லையென்றால் நூலகக் குழு என்று ஒன்று இருக்கும், பல துறை ஆசிரியர்களும் இருப்பார்கள். அதற்கு நீங்கள் தனியாக எழுத வேண்டாம், நாலைந்து ஸ்காலர்கள் சேர்ந்து, ரீகால் விதி வேண்டும் என்று பொதுவாகக் கேளுங்கள். உங்களைப் போலக் காத்திருக்கிறவர்கள் எல்லாத் துறையிலும் இருப்பார்கள்.

பேராசிரியருக்கு நீங்கள்தான் என்று தெரிந்துவிடுமே என்று பயப்படுவீர்கள். ஒரே துறை, ஒரே பொருள், ஊகித்துவிடவும் கூடும், அதை மறைக்கமாட்டேன். அவரே கேட்டால், ‘ஆமாம் சார், மூணு அத்தியாயம் பார்க்க வேண்டியிருந்தது, லைப்ரரியில ரிசர்வ் பண்ணியிருந்தேன்’ என்று இயல்பாகச் சொல்லுங்கள். ஒன்றை யோசித்துப் பாருங்கள், உங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த இரண்டு புத்தகத்தையும் தேடி எடுத்துப் போன ஒரே ஆள் அவர். புத்தகம் வந்த பிறகு அதைப் பற்றி அவரிடமே சந்தேகம் கேட்டுப் போவது உங்களுக்கு நல்லதாகவே முடியலாம். ஆனால் முதலில் புத்தகம் வர வேண்டும், அந்த வரிசை மாற வேண்டாம்.

அவருக்கும் அது நிஜமாகவே வேண்டியிருந்தால், ஒரு வாரத்துக்கு மட்டும் ரெஃபரன்ஸ் பகுதியில் வைக்கச் சொல்லுங்கள், தேவையான பகுதிகளைப் பிரதி எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம். ஆய்வுக்காக, சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பிரதி எடுப்பதை 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிக்கிறது. முழுப் புத்தகத்தையும் நகலெடுக்கக் கிளம்ப வேண்டாம்.

அந்தக் கடிதத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். யுஜிசியின் 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்தை முடிக்கப் பொதுவாக 6 வருஷம், உங்களுக்கு இது நான்காவது, நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்ஃப்ளிப்நெட்டின் இண்ட்கேட் என்ற கூட்டுப் பட்டியலில் அந்தத் தலைப்புகளைப் போட்டுப் பாருங்கள், எந்தப் பல்கலைக்கழகத்தில் பிரதி இருக்கிறது என்று தெரியும். நூலகங்கள் தங்களுக்குள் புத்தகம் பகிர்ந்துகொள்ளும் டெல்நெட் என்ற அமைப்பில் உங்கள் நூலகம் உறுப்பினரா என்றும் கேளுங்கள், உறுப்பினர் என்றால் வேறு ஊர் நூலகத்திலிருந்து இரவலாக வரவழைக்கலாம், கோரிக்கை உங்கள் நூலகம் வழியாகப் போக வேண்டும். மதுரை பக்கம் என்றால் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம்.

முடிந்தால் இரண்டு நாள் ஒதுக்கிச் சென்னை வாருங்கள். எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கினால் எதிரிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பக்கத்தில் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று, நீங்கள் தேடும் இரண்டும் அதற்குப் பிறகு இங்கே அச்சானவை என்றால் அங்கே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கண்மாய் ஆய்வுக்கு ஆவணக் காப்பகத்துக்கு எப்படியும் நீங்கள் போயாக வேண்டும், அங்கே கேட்க வேண்டியதையும் குறித்து வைத்துக்கொண்டு வாருங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களை வைத்து 1994இல் தொடங்கியது. பழைய தமிழ் அச்சு நூல்களுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கிளம்பும் முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஒரு மாலை தேடிப் பாருங்கள், பழைய நூல்கள் ஏராளமாக ஏற்றியிருக்கிறார்கள்.

நீங்கள் கட்டிய ஃபைனைப் பற்றி எழுதியதையும் நான் சும்மா விட்டுவிடவில்லை. எங்கள் தொழிலுக்கு அடித்தளம் போட்ட எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர், கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்கிறது. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்கிறது. அந்த வாசகர் பேராசிரியரா மாணவியா என்று எந்த விதியிலும் பிரிக்கவில்லை, இத்தனைக்கும் அவரே ஆசிரியராக இருந்து வந்தவர். மூன்று நாள் தாமதத்துக்கு உங்களிடம் ரசீது போட்ட நூலகம் இரண்டரை வருஷத்துக்கு ஒரு போன்கூடப் போடவில்லை என்றால் அதில் நியாயம் இல்லை, உங்கள் ஆதங்கம் சரியானது. பேராசிரியர்களிடம் ஃபைன் வாங்குவதால் இது சரியாகும் என்று மட்டும் நான் நம்பவில்லை, சம்பளக்காரருக்கு நாளைக்கு ஒரு ரூபாய் ஒரு பொருட்டில்லை. இரண்டு விஷயம்தான் பலன் தந்து பார்த்திருக்கிறேன். ஒன்று, ரீகாலுக்குப் பதில் சொல்லும்வரை அவருக்குப் புதிய புத்தகம் இஷ்யூ ஆகாது என்ற ஏற்பாடு. இன்னொன்று, வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில், எல்லாப் புத்தகத்தையும் கவுன்டருக்குக் கொண்டுவந்து கண்ணில் காட்டி ரினியூ செய்வது. போனிலோ கணினியிலோ ரினியூ ஆகும் புத்தகத்தை வருஷக்கணக்கில் யாரும் பார்ப்பதே இல்லை. புத்தக இருப்பைச் சரிபார்க்கும் ஸ்டாக் வெரிஃபிகேஷனில்கூட அது ‘இஷ்யூவில் இருக்கிறது’ என்ற கணக்கில் போய்விடும், தொலைந்ததா பூச்சி அரித்ததா என்று ஓய்வு பெறும் நாள்வரை தெரியாது. அப்போது தெரிந்து என்ன, 1971இல் 45 ரூபாய்க்கு வாங்கிய புத்தகத்துக்கு மூன்று மடங்கு விலை கட்டினாலும் அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும்?

உங்கள் நூலகக் குழுவுக்கு எழுதினால் இந்த இரண்டையும் கேளுங்கள். தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அதற்கு எதிர்ப்பு வரும், காரியமும் கெடும்.

கடிதத்தைத் திங்கட்கிழமையே கொடுத்துவிடுங்கள். புத்தகங்கள் வந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போகும் முன்னால் கவுன்டரிலேயே பிரித்துப் பாருங்கள், பக்கம் கழன்றிருந்தாலோ பூச்சி அரித்திருந்தாலோ அங்கேயே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பழி உங்கள் மேல் வரும். ஓரத்தில் பேராசிரியர் பென்சிலில் ஏதாவது குறித்திருந்தால் அழிக்க வேண்டாம், படித்துப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டதும், தவணை முடியும்வரை வைத்திருக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.